கேரம் போர்டு ரிவ்யூ (முதல் ஒன்றரை வருஷம் ஃபைல் ஸ்டாண்டு, அதுக்கப்புறம்தான் கேரம் போர்டு)

முதல்லயே சொல்லிடறேன், இது பாக்ஸ் பிரிச்ச சூட்டோட எழுதற ரிவ்யூ இல்ல. போர்டு வாங்கினது 2022 மே மாசம். அதுல முதல் ஒன்றரை வருஷம் அது என் ஆபீஸ் ரூம் கதவுக்குப் பின்னாடி சுவத்துல சாஞ்சு நின்னுச்சு, முன்னாடி நான் பாக்ஸ் ஃபைலா அடுக்கி வெச்சிருந்தேன், ஃபைல் சரியாம இருக்க நல்ல சப்போர்ட்டு, அந்த வேலைக்குன்னா அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார் தாராளமா குடுக்கலாம். கேரம் போர்டா அது எப்படின்னு எனக்குத் தெரிய வந்தது 2023 டிசம்பர்லதான்.

நான் பெரம்பூர்ல டாக்ஸ் கன்சல்டன்ட். வீட்டு மாடியிலயே ஆபீஸ். ஊர்ல எல்லாருக்கும் அமாவாசை பௌர்ணமி, எனக்கு 11, 20. 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (வித்த கணக்கு), 20-ம் தேதி 3பி (ஜிஎஸ்டி கட்டற மாச ரிட்டர்ன்), அதுக்கு முன்னாடி 7-ம் தேதி டிடிஎஸ் (பிடிச்சு வெச்ச வரி) கட்டணும், இது போக இன்கம் டாக்ஸுக்கு ஜூலை 31, செப்டம்பர் 30. இந்தத் தேதிங்களுக்கு நடுவுல மிச்சம் இருக்கற நாள்லதான் கல்யாணம் காதுகுத்துக்கெல்லாம் போவேன், அதுவும் மொய் எழுதற டேபிள் வரைக்கும்தான், சாப்பாட்டுக்கு பந்தி லேட் ஆச்சுன்னா கெளம்பிடுவேன். இதை அப்ப நான் பெருமையா வேற சொல்லிட்டுத் திரிஞ்சேன், "சாப்பிடக்கூட டைம் இல்ல"ன்னு சொன்னா எதிர்ல இருக்கறவன் மரியாதையா பாக்கறான்னு ஒரு நெனப்பு.

சரி போர்டுக்கு வரேன். அக்கா பையன் லீவுக்கு வந்தான், பத்து வயசு, கேரம் போர்டு வேணும்னு ஒரே அடம். சரின்னு ஆன்லைன்ல ஒண்ணு போட்டேன், வந்துச்சு, சட்டத்துல கை வெச்சு ஊனினா நடுவுல குழிஞ்சு பாத்ரம் மாதிரி ஆகுது, ப்ளை நாலு எம்எம் கூட இருக்காது, ஸ்ட்ரைக்கரை எங்க வெச்சாலும் அதுவா நடுவுக்கு உருண்டு வருது. அதை ரிட்டர்ன் போட்டுட்டு (ரிட்டர்ன் போடறதுதான் நமக்குத் தொழிலாச்சே) நேரா மவுண்ட் ரோடு பக்கம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கடைக்கு இவனைக் கூட்டிட்டுப் போனேன். கடைல ஒரு பெரியவர், வெள்ளை வேட்டி, எங்ககிட்ட ஒண்ணுமே கேக்கல, பையனோட கையைப் பாத்தாரு, என் மூஞ்சியப் பாத்தாரு, "வீட்டுக்கா கிளப்புக்கா"ன்னாரு. நான் வீட்டுக்குன்னு சொல்றதுக்குள்ள பையன் கிளப்புக்குன்னுட்டான்.

அவரு சொன்ன விஷயங்க எல்லாம் வாங்கறவங்களுக்கு உதவும், அதனால சொல்றேன். மேட்ச் போர்டுன்னா வெளையாடற எடம் மட்டும் 74 செண்டிமீட்டர் சதுரம், கடைல பேச்சு வழக்குல 29 இஞ்சும்பாங்க. ப்ளை குறைஞ்சது எட்டு எம்எம் இருக்கணும், நான் வாங்கினது பன்னெண்டு. வெயிட்டு, ஒரு ஆளா தூக்கி மாடி ஏறினா இடுப்பு போயிடும். அப்புறம் ஒரு டெஸ்ட் காட்டினாரு பாருங்க, பேஸ் லைன்ல 15 கிராம் ஸ்ட்ரைக்கரை வெச்சு மூச்சைப் பிடிச்சு ஒரு அடி, அது எதிர் சட்டத்துல பட்டு இங்க வந்து திரும்ப அங்க போயி இப்படி மூணரை தடவை ஓடணும், அப்பதான் போர்டாம். இண்டர்நேஷனல் ரூல்லயே அப்படித்தான் இருக்குன்னாரு. ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல போகக்கூடாது, காயின் அஞ்சுலேர்ந்து அஞ்சரை கிராம். இண்டர்நேஷனல் கேரம் ஃபெடரேஷனே 1988-ல நம்ம சென்னைலதான் ஆரம்பிச்சாங்கன்னு சொல்லிட்டு, மரியா இருதயம் பேரைச் சொன்னாரு. 1991, 1995 ரெண்டு தடவை வேர்ல்ட் சாம்பியன், 1996-ல அர்ஜுனா அவார்டு, நம்ம ஊர்க்காரர். நான் அதுக்குள்ள போனை எடுத்து கிளையன்ட் ஒருத்தருக்கு சலான் அனுப்பிட்டிருந்தேன், பெரியவர் பேசறதைப் பாதில நிறுத்திட்டாரு. அது அப்ப எனக்கு உறைக்கல.

ரேட்டு ஸ்டாண்டோட சேத்து அஞ்சாயிரத்துக்குக் கொஞ்சம் மேல. பையன் இருபது நாள் ஆடினான், நான் கூட ஆடினது ஒரே ஒரு தடவை, ஜூன்ல அவன் ஊருக்குப் போயிட்டான், போர்டு கதவுக்குப் பின்னாடி போயிடுச்சு.

இப்ப 2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். சென்னைல இருந்தவங்களுக்கு ஒண்ணும் சொல்ல வேணாம், வட சென்னைல இருந்தவங்களுக்கு சுத்தமா வேணாம். ராத்திரியெல்லாம் மழை, காலைல பாத்தா தெருவே இல்ல, தண்ணிதான், இடுப்பு வரைக்கும். கரண்ட் கட். டவர் இல்ல. யூபிஎஸ் ரெண்டு மணி நேரம் கத்திட்டு அடங்கிடுச்சு, லேப்டாப் மதியத்தோட அவுட்டு. 7-ம் தேதி டிடிஎஸ் இருக்கு, 11-ம் தேதி ஆர்-1 இருக்கு, நான் செத்த போனைக் கையில வெச்சுக்கிட்டு மொட்டை மாடிக்கும் ரூமுக்கும் நடக்கறேன், எங்கயாவது ஒரு கோடு சிக்னல் வருமான்னு. வீட்டுக்காரம்மா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு, "உங்களைப் பாத்தா கூண்டுல புலி மாதிரி இருக்குன்னு சொல்லலாம்னு பாத்தேன், ஆனா புலி இவ்ளோ பொலம்பாது."

எங்க வீட்டுக் கீழ தெரு ஓரமா தள்ளுவண்டி போட்டு அயர்ன் பண்றவர் இருக்காரு, எல்லாரும் அயர்ன் அண்ணன்னுதான் கூப்பிடுவோம், அறுபது தாண்டினவர். அவங்க வீட்டுல தண்ணி பூந்துடுச்சு, குடும்பத்தோட எங்க மாடிக்கு வந்துட்டாங்க. அவரு கூட எடுத்துட்டு வந்தது ரெண்டே சாமான், ஒரு டிரங்குப் பொட்டி, இன்னொண்ணு கரிப் பொட்டி, அதாங்க கரி போட்டுத் தேய்க்கற பித்தளை அயர்ன் பாக்ஸ். நாலு வீடு தள்ளி மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கறவன், என் ஸ்கூல் ஃப்ரெண்டு, அவனும் ஏறி வந்துட்டான். சாயந்தரமா இன்னொருத்தன் வந்தான், இவனும் ஆறாங்கிளாஸ்லேர்ந்து கூட படிச்சவன், பிரிண்டிங் பிரஸ் வெச்சிருக்கறவன், வியாசர்பாடி பக்கத்துலேர்ந்து அந்தத் தண்ணில நடந்து வந்திருக்கான், லுங்கிய தலைல கட்டிக்கிட்டு, கையில ரெண்டு பால் பாக்கெட்டு. பால் அன்னிக்குத் தங்கம். ஏண்டா இந்தத் தண்ணில வந்தன்னு கேட்டா, "போன் போகலடா, அதான் நேர்ல பாத்துட்டுப் போலாம்னு"ங்கறான், ஏதோ அடுத்த தெருவுலேர்ந்து வந்த மாதிரி.

அயர்ன் அண்ணனோட பேத்திதான் ஃபைலுக்குப் பின்னாடி போர்டைக் கண்டுபிடிச்சுச்சு. நான் வழக்கம் போல "ஃபைலைக் கலைக்காதம்மா"ன்னேன். அண்ணன் வந்தாரு, ஒண்ணும் பேசாம உள்ளங்கையை போர்டு மேல வெச்சு மெதுவா ஒரு தடவு தடவினாரு, துணிய தடவற மாதிரியே. "நல்ல போர்டு சார். ஏன் இப்படி சாச்சு வெச்சிருக்கீங்க, சாச்சா வளைஞ்சிடும். ஒண்ணு படுக்க வைக்கணும், இல்ல நேரா நிக்க வைக்கணும்." அப்புறம் தட்டிப் பாத்துட்டு, ஈரம் குடிச்சிருக்குதுன்னாரு.

உண்மைதான், ஸ்டாண்டுல போட்டு ஸ்ட்ரைக்கரைத் தட்டினா பாதி போர்டுலயே நின்னுடுச்சு. கடைக்காரர் காட்டின மூணரை ஓட்டம் எங்க, இது எங்க. மழைக் காலத்துல எல்லா கேரம் போர்டுக்கும் இருக்கற வியாதிதான் இது, கரண்ட் இருந்தா மேல நூறு வாட்ஸ் குண்டு பல்பு தொங்கவிட்டா காஞ்சிடும். கரண்ட் இல்லையே. அண்ணன் கரிப் பொட்டிய எடுத்தாரு. மேல நனையாம இருந்த கரிய அடுப்புல பத்த வெச்சு உள்ள போட்டு, சூட்டை விரல்ல தண்ணி தெளிச்சுப் பாத்து, கொஞ்சம் ஆறவிட்டு, போர்டு மேல பழைய வேட்டிய ரெண்டா மடிச்சு விரிச்சு அயர்ன் பண்ண ஆரம்பிச்சாரு. எங்கயும் நிறுத்தல, ஓட்டிக்கிட்டே இருந்தாரு, நின்னா பாலிஷ் வெளுத்துடும்னாரு. கால் மணி நேரம். வேட்டி லேசா ஆவி விடுது, ரூம் பூரா கரி வாசனை, மரத்து வாசனை. நான் ஒரு வேலையும் செய்யாம ஒருத்தர் வேலை செய்யறதைப் பாத்துட்டு உக்காந்திருந்தது எத்தனை வருஷம் கழிச்சுன்னு தெரியல.

பவுடருக்கு மெடிக்கல்காரன் வீட்டுலேர்ந்து போரிக் பவுடர் ஒரு பாக்கெட்டு கொண்டு வந்தான். அது வரதுக்கு முன்னாடி வீட்டுல இருந்த மூஞ்சி பவுடரைப் போட்டுப் பாத்தோம், போடாதீங்க, வாசனையா இருக்கும், அவ்ளோதான், அப்பிக்கும். மைதாவும் போட்டுப் பாத்தோம், அதைப் பத்தி பேச வேணாம்.

எமர்ஜென்சி லைட்டு, ரெண்டு மெழுகுவத்தி. நானும் அயர்ன் அண்ணனும் ஒரு செட்டு, எதிர் செட்டு என் ரெண்டு ஃப்ரெண்ட்ஸ். ஒம்போது வெள்ளை, ஒம்போது கருப்பு, நடுவுல ரெட்டு. அண்ணன் பிரேக் அடிச்சாரு பாருங்க, மூணு காயின் உள்ள. தேய்க்கற கை, மணிக்கட்டு அசையவே இல்ல, விரல் மட்டும்தான். கட் போடறாரு, டபுள் போடறாரு, பின்னாடி ஒட்டி நிக்கற காயினை தம்முல, அதாவது கட்டை விரலால, எடுக்கறாரு. ரெட்டை எடுத்தா கூடவே தன் காயின் ஒண்ணை ஃபாலோ போடணும் இல்லன்னா ரெட்டு திரும்ப நடுவுக்கு வந்துடும், அது எல்லாருக்கும் தெரியும், அவரு ஃபாலோ காயினை முதல்லயே பாக்கெட் வாசல்ல கொண்டு போய் நிறுத்திட்டு அப்புறம்தான் ரெட்டையே தொடறாரு. அடுத்த ஆட்டத்துல முதல்லயே என் டர்ன் வந்தப்ப ஸ்ட்ரைக்கர் நேரா உள்ள போச்சு, எங்க காயின் ஒண்ணும் உள்ள இல்ல எடுத்து வைக்க, "டியூ"ன்னான் மெடிக்கல்காரன். கேரம்ல கடன் இருக்கற காயினுக்கு டியூன்னுதான் பேரு. இருபது வருஷமா டியூ டேட் டியூ டேட்னு அலையறேன், என் மேலயே ஒரு டியூ இப்பதான்.

அப்புறம் ஒண்ணு நடந்துச்சு. பிரஸ்காரன் ஸ்ட்ரைக்கரை வெச்சு குறி பாத்துட்டிருக்கான், நான் சும்மா இருக்க முடியாம, டிசம்பர் 20 ஞாபகத்துல, "இந்த மாசமும் உனக்கு நில்தானேடா"ன்னு கேட்டேன். நில் ரிட்டர்ன்னா அந்த மாசம் வாங்கலும் இல்ல விக்கலும் இல்லன்னு அர்த்தம், எஸ்எம்எஸ்லயே போட்டுடலாம், ரெண்டு நிமிஷ வேலை. அவனுக்கு ஏப்ரல்லேர்ந்து ஏழு மாசமா நில்தான் போட்டுட்டிருந்தேன். ஒவ்வொரு மாசமும் போன் பண்ணுவேன், "ஓடிபி சொல்லு"ம்பேன், ஆறு நம்பர் சொல்லுவான், கட் பண்ணிடுவேன். நில் ரிட்டர்ன் லேட்டானா ஒரு நாளைக்கு 20 ரூபா, ஒரு தடவை கூட அவனுக்கு லேட் ஃபீ வர விட்டதில்ல, அதுல எனக்கு ஒரு பெருமை.

அவன் தலையத் தூக்கல. "மார்ச்சோட மெஷினை வித்துட்டேன்டா"ன்னான்.

மாதவரத்துல ஒரு கொரியர் குடோன்ல சூப்பர்வைசரா இருக்கானாம். மெடிக்கல்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு. சரி அவனாவது கூட சுத்தறவன், அயர்ன் அண்ணனுக்கே தெரிஞ்சிருக்கு, அவரு சொல்றாரு, "தம்பி வெள்ளை சட்டை குடுக்க ஆரம்பிச்சப்பவே தெரியும் சார், பிரஸ்ல இருந்தவரைக்கும் இங்க் கறை படும்னு வெள்ளையே போட மாட்டாரே." அவன் கணக்கு மொத்தம் என் கையில இருக்கு, பேங்க் ஸ்டேட்மெண்ட் இருக்கு, பர்சேஸ் பில் இருக்கு, எனக்கு மட்டும் தெரியல. ஏழு மாசம் ஒரு பிரஸ்ல ஒரு கல்யாணப் பத்திரிகை கூட அடிக்கலன்னா ஏன்னு கேக்கணும்னு தோணல பாருங்க, நில்னா வேலை ஈஸின்னு மட்டும்தான் தோணிச்சு.

என்ன சொல்றதுன்னு தெரியல எனக்கு. வாய்ல வந்தது இதுதான், "அப்ப ரெஜிஸ்ட்ரேஷனை கேன்சல் பண்ணனும்டா, ரெக்-16 போடணும், அப்புறம் மூணு மாசத்துக்குள்ள ஜிஎஸ்டிஆர்-10..." அவன் சிரிச்சுட்டான். "முதல்ல டியூவை வைடா"ன்னான்.

நாலு நாள் கரண்ட் வரல எங்க தெருவுல. நாலு நாளும் ஆடினோம். 8-ம் தேதி டவர் வந்து போன் உயிர் வந்தப்ப நூத்திச் சொச்சம் மெசேஜ், எல்லாத்தையும் பாத்தேன், முக்காவாசி "சார் சேஃபா"ன்னு கேட்டு கிளையன்ட்ஸ் போட்டது. டிடிஎஸ் கேட்டவங்க மூணே பேரு.

இதோட நான் திருந்திட்டேன்னு நெனைக்காதீங்க. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு ஆட்டம்னு ஃபிக்ஸ் ஆச்சு, நான் அதையும் ஆபீஸ் ஆக்கிட்டேன். 2024 ஜனவரில ஒரு எக்செல் ஷீட்டு போட்டேன். யாரு எத்தனை போர்டு (அதாவது ரவுண்டு) ஜெயிச்சாங்க, ரெட்டு எத்தனை, ஃபைன் எத்தனை, பெர்சன்டேஜ், ரேங்க். மாசக் கடைசில பிடிஎஃப் ஆக்கி வாட்ஸாப் குரூப்ல போடுவேன். பிரஸ்காரன் "இதுக்கும் லேட் ஃபீ உண்டா"ன்னு கேட்டான். மெடிக்கல்காரன் குரூப்பை விட்டே போயிட்டான். நான் விடாம ராத்திரி பதினோரு மணிக்கு தனியா பிராக்டிஸ் வேற, டொக்கு டொக்குன்னு, கீழ் வீட்டுல கம்ப்ளைண்ட். பிப்ரவரில அயர்ன் அண்ணன் ரெண்டு வாரம் வரல. உடம்பு சரியில்லையோன்னு போய்க் கேட்டா, துணிய மடிச்சுக்கிட்டே சொல்றாரு, "ரிப்போர்ட்டுல என் பேரு கடைசில போட்டிருந்தீங்களாமே சார், பேத்தி படிச்சுக் காட்டுச்சு." நாலு பேருல அவருதான் பெஸ்ட்டு, அது ஊருக்கே தெரியும். ஆனா எப்பவும் என் கூட பார்ட்னரா உக்காந்த பாவத்துக்கு அவரு பெர்சன்டேஜ் அதலபாதாளத்துல. ஷீட்டை டெலீட் பண்ணிட்டேன். சரி, பொய் சொல்லக் கூடாது, வேற ஃபோல்டர்ல போட்டு வெச்சிருக்கேன், தொறக்கறதில்ல.

போனுக்கு ஒரு ரூல் கொண்டு வந்தாங்க, ஆட்டத்துக்கு நடுவுல போன் எடுத்தா ஒரு காயின் ஃபைன். இந்த ப்ராடக்டோட பெரிய ப்ளஸ்ஸே இதுதான், எந்தக் கம்பெனியும் விளம்பரத்துல போடல: கையில பவுடர் இருக்கறப்ப போனைத் தொட மனசு வராது, ஸ்க்ரீன் வெள்ளையாயிடும், சார்ஜர் ஓட்டைல போயிடும். முதல்ல பேண்ட்ல தொடச்சுக்கிட்டு எடுத்தேன், ஃபைன் கட்டியே ஒரு கேம் தோத்தேன், அப்புறம் சமையக்கட்டுல வெச்சிட்டு வர ஆரம்பிச்சேன். ஒரு ஞாயித்துக்கிழமை ஆட்டம் முடிஞ்சு பாக்கறேன், ஒரே கிளையன்ட் ஒம்போது மிஸ்டு கால். பதறிப் போய் திருப்பிக் கூப்பிட்டா, "சாரி சார், போன் பாக்கெட்ல இருந்துச்சு, தானா போயிருக்கு"ங்கறாரு.

ஆட்டம் முடிஞ்சா வியாசர்பாடி பக்கம் அத்தோ சாப்பிடப் போவோம். பர்மாலேர்ந்து திரும்பி வந்த நம்மாளுங்க அறுபதுகள்ல இந்தப் பக்கம் குடியேறினாங்க, அவங்க கூட வந்த சாப்பாடு இது. நூடுல்ஸு, முட்டைக்கோசு, புளித்தண்ணி, வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மொளகாத்தூள் எல்லாம் கையாலயே பெசஞ்சு குடுப்பாங்க, பக்கத்துல வாழைத்தண்டு சூப்பு. ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருபது வருஷமா இருக்கேன், நான் முதல் தடவை சாப்பிட்டது 2024-ல. வெளில சொன்னா சிரிப்பாங்க.

போர்டு பத்தி மிச்சம். சட்டம் நல்லா கெட்டி, நாலு மூலையும் இன்னும் விடல. ரீபவுண்டு சமமா வருது, இடது பக்கம் மட்டும் லேசா டல்லு, அது ஒன்றரை வருஷம் சாச்சு வெச்ச என் தப்பு, கம்பெனி தப்பு இல்ல. பாக்கெட் நெட்டு மட்டம், ஆறு மாசத்துல ரெண்டு கிழிஞ்சுடுச்சு, இப்ப வீட்டுக்காரம்மா பழைய கொசுவலைல தச்சுக் குடுத்திருக்காங்க, ஒரிஜினலைவிட நல்லா நிக்குது. கூட வந்த காயின் சுமார், கருப்பு சாயம் வெரல்ல ஒட்டுச்சு, தனியா ஒரு செட்டு வாங்கிக்கோங்க. ஸ்ட்ரைக்கர் ஃபைபர்ல வாங்குங்க, வாங்கறதுக்கு முன்னாடி கண்ணாடி மேல வெச்சு ஆடுதான்னு பாருங்க. போர்டு மேல எண்ணெய், மெழுகு பாலிஷ் எதுவும் போடாதீங்க, காஞ்ச காட்டன் துணி போதும். பவுடர் கம்மியா போடுங்க, புதுசா ஆடறவங்க இட்லி மாவு மாதிரி கொட்டுவாங்க. போரிக் பவுடர் விழுங்கற சமாச்சாரம் இல்ல, குழந்தைங்க இருக்கற வீட்டுல ஜாக்கிரதை, கண்ணுல படாம பாத்துக்கோங்க, பஜ்ஜி எடுக்கறதுக்கு முன்னாடி கை கழுவுங்க. இது எங்களுக்கு மெடிக்கல்காரன் வாராவாரம் சொல்றது, சொல்லிட்டு அவனே கழுவாம எடுப்பான். உயரமும் முக்கியம், ஸ்டாண்டு 63லேர்ந்து 70 செண்டிமீட்டர்க்குள்ள இருந்தா முதுகு வலிக்காது, தரைல போட்டு ஆடறது வயசுப் பசங்களுக்கு.

சிவப்பு வட்டத்துக்குப் பக்கத்துல ஒரு மெழுகுவத்திச் சொட்டு விழுந்த தடம் இருக்கு, மிக்ஜாம் அன்னிக்கு விழுந்தது. சுரண்டி எடுத்தாச்சு, ஆனாலும் மெதுவா வர காயின் அங்க கொஞ்சம் திரும்பும். வெளியாளுங்க வந்தா தெரியாது, எங்க நாலு பேருக்குத் தெரியும், அயர்ன் அண்ணன் அதை வெச்சே ஒரு ஷாட்டு வெச்சிருக்காரு.

2024 நவம்பர்ல காசிமா அமெரிக்காவுல வேர்ல்ட் கப்ல மூணு கோல்டு அடிச்சப்ப அண்ணன் பேப்பரைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறி வந்தாரு, திங்கக்கிழமை, நான் ஃபுல் வேலைல இருக்கேன். சிங்கிள்ஸ், டபுள்ஸ், டீம், மூணுலயும், பதினேழு வயசு, நம்ம வட சென்னைப் பொண்ணு. வியாசர்பாடி இளவழகி 2008-ல ஃபிரான்ஸ்ல கேரம் வேர்ல்ட் சாம்பியன்ஷிப் ஜெயிச்சு வந்ததுலேர்ந்து ஆரம்பிச்சு முக்கால் மணி நேரம் பேசினாரு. மவுண்ட் ரோடு கடைல பெரியவரைப் பாதில நிறுத்த வெச்சதுக்கு வட்டியோட கட்டற மாதிரி லேப்டாப்பை மூடி வெச்சிட்டு பூராவும் கேட்டேன். ஒரு கிளையன்ட்டுக்கு அன்னிக்கு லேட் ஆச்சு, ஐம்பது ரூபா, என் கையிலேர்ந்து கட்டிட்டேன்.

ஸ்டார் நாலரை. அரை ஸ்டார் நெட்டுக்காக குறைச்சேன். பிரஸ்காரன் படிச்சுப் பாத்துட்டு, நான் தோக்கற கடுப்புல குறைச்சேங்கறான்.

அவனோட ரெஜிஸ்ட்ரேஷன் கேன்சல் ஆகி ரொம்ப நாளாச்சு, ஃபைனல் ரிட்டர்னும் போட்டாச்சு, அவன்கிட்ட ஓடிபி கேக்க ஒண்ணும் இல்ல. போன மாசம் 20-ம் தேதி ராத்திரி பத்து மணிக்கு நான் மூச்சு விடாம 3பி போட்டுட்டிருக்கறப்ப அவன்கிட்டேர்ந்து போன். எடுத்தேன். ஹலோ கூட சொல்லல, "எழுதிக்கோ, ரெண்டு, அஞ்சு, பூஜ்யம், நாலு"ன்னான். பழக்க தோஷம், நானும் பேப்பர்ல எழுதிட்டேன், எழுதிட்டு "மிச்சம் ரெண்டு நம்பர் எங்கடா"ன்னு கேக்கறேன், அந்தப் பக்கம் அவனும் மெடிக்கல்காரனும் சேந்து சிரிக்கறானுங்க. 25-4. ஞாயித்துக்கிழமை ஸ்கோரு.